பெயர் அச்சாகாத வருஷங்கள்

ஜிம்மி பேஜ் என்றதும் 'லெட் ஸெப்பெலின்' குழுவின் பிரம்மாண்டமான மேடைகளையும் இரட்டைக் கழுத்துக் கிதாரையும் நினைத்துக்கொள்வதே ரசிகர்களின் வழக்கமாயிருக்க, எனக்கென்னவோ அந்தக் கீர்த்திக்கெல்லாம் மூலம், இசைத்தட்டுகளில் அவர் பெயர் பெரும்பாலும் அச்சாகாத முந்திய வருஷங்களில்தான் இருக்கிறதென்று வெகு நாளாகத் தோன்றி வருகிறது.

1944-இல் பிறந்து, லண்டனுக்குத் தெற்கேயுள்ள எப்ஸம் என்ற ஊரில் வளர்ந்த அவர், இளம் வயதிலேயே ஒரு குழுவோடு ஊர் ஊராகச் சுற்றி, ஓயாத பிரயாணத்தால் தேகம் நலிந்து, சித்திரக் கலாசாலையில் போய்ச் சேர்ந்தார். கிதார் அவரை அங்கும் விட்டுவைக்கவில்லை. 1963 முதல் சுமார் மூன்று வருஷ காலம் லண்டன் ஸ்டூடியோக்களில் கூலிக்கு வாசிக்கும் வித்வானாக அவர் ஜீவனம் செய்தார். காலையில் மூன்று மணி நேரம், பிற்பகலில் மூன்று, இரவில் மூன்று என்று வகுத்திருந்த அந்த உலகத்தில், யாருடைய பாட்டு என்பதைக்கூட உள்ளே நுழைந்த பிறகே அறிந்து, முன்னால் வைத்த ஸ்வரத்தாளைப் பிழையின்றி வாசித்துவிட்டு அடுத்த ஸ்டூடியோவுக்கு ஓட வேண்டும். பிக் ஜிம் ஸல்லிவன் என்ற மூத்த கிதார்க்காரர் ஏற்கெனவே அங்கே இருந்தபடியால், இவருக்கு 'லிட்டில் ஜிம்' என்று பெயர் வழங்கிற்று. ஷெர்லி பாஸி 1964-இல் பாடிய 'கோல்டுஃபிங்கர்' ஒலிப்பதிவில், பெரிய வாத்திய கோஷ்டியின் நடுவே இந்த இளைஞரும் இருந்தார்.

இதை அடிமை வேலை என்று இகழ்வாருண்டு. நான் அதைக் குருகுலவாசம் என்றே சொல்வேன். மைக்கை வாத்தியத்துக்கு வெகு சமீபத்தில் வைத்தால் நாதத்தைச் சூழ்ந்த ஆகாசம் மடிந்து போகிறது என்பதை, பிறர் செய்த ஒலிப்பதிவுகளைக் கவனித்தே அவர் தெளிந்துகொண்டார். கடைகளில் பின்னணியாக ஒலிப்பதற்கான சத்தற்ற சங்கீதத்தை வாசிக்கும்படி நேர்ந்தபோதுதான் அத்தொழிலில் வெறுப்புத் தட்டி, 1966-இல் 'யார்ட்பேர்ட்ஸ்' குழுவில் புகுந்தார்.

அக்குழு கலைந்தபின் 1968-இல் லெட் ஸெப்பெலினைக் கூட்டி, தம் கைப்பணத்தைச் செலவிட்டு, ஒலிம்பிக் ஸ்டூடியோவில் ஏறக்குறைய 36 மணி நேரத்திலேயே முதல் ஆல்பத்தை முடித்தாரென்றால், அந்த வேகம் கூலிக்கு வாசித்த காலத்தின் அப்பியாசமன்றி வேறென்ன? பாஸ் வாசித்த ஜான் பால் ஜோன்ஸும் அதே ஸ்டூடியோக்களில் தேர்ந்தவர்தாம். பின்பு ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய மாளிகையில், ஜான் பான்ஹாமின் டிரம்ஸைக் கூடத்தில் வைத்து, மாடிப்படிக்கட்டின் உயரத்திலிருந்து மைக்குகளைத் தொங்கவிட்டுப் பதிந்த ஒலியை 1971-இல் வந்த நான்காவது ஆல்பத்தில் கேட்கும்போதெல்லாம், அந்த வீட்டின் கல்லும் மரமும் சேர்ந்து முழங்குவதாக நான் மெய்சிலிர்த்திருக்கிறேன்.

ஸ்டூடியோ உலகத்தில் ஒருவர் வராவிட்டால் அவர் நாற்காலியில் இன்னொருவர் அமர்ந்துவிடுவார், வேலை நிற்காது. அந்த வழக்கத்திலேயே ஊறி வளர்ந்த பேஜ், 1980 செப்டம்பரில் பான்ஹாம் காலமானபோது, உலகமெங்கும் ரசிகர்கள் காத்திருக்க, வேறொரு டிரம்ஸ்காரரை அமர்த்திக்கொள்ளச் சம்மதிக்கவில்லை. மற்ற இருவரும் அவரோடு ஒருமனப்பட, அவ்வருஷம் டிசம்பரில் குழுவையே முடித்துக்கொண்டார்கள்.