விழும் காவிரி, ஏறும் காவிரி

கொள்ளேகாலில் பட்டு வாங்க வருபவர்களும் மாதேஸ்வரன் மலைக்குப் பஸ் பிடிக்க வருபவர்களும்தான் அதிகம். ஊரில் தமிழ் பேசினால் பதில் தமிழிலேயே கிடைக்கும். 1956 நவம்பர் வரை இது கோயமுத்தூர் மாவட்டத்துத் தாலுகா. பிறகு மைசூர் மாவட்டம். 1997 முதல் சாமராஜநகர் மாவட்டம். மாவட்டம் மாறிக்கொண்டே இருந்தாலும் காவிரி மட்டும் வடக்கே சுமார் 15 கி.மீ. தூரத்தில் அதே இடத்தில்தான் இரண்டாகப் பிரிந்து சிவசமுத்திரத் தீவைச் சுற்றி ஓடுகிறது.

ஸ்ரீரங்கப்பட்டணம் ஆதிரங்கம், திருச்சி ஸ்ரீரங்கம் அந்திய ரங்கம் என்றால், இடையில் இருப்பது இந்தத் தீவின் மத்திய ரங்கம். தீவுக்குச் செல்ல 19ம் நூற்றாண்டின் முற்பகுதியில் ராமசாமி முதலியார் கட்டிய கல்தூண் பாலம் 2018 வெள்ளத்தில் ஒரு பகுதியை இழந்தது. கொள்ளேகால் பக்கத்துக் கிளை பரசுக்கி அருவியாகவும், மறு கிளை ககனசுக்கியாகவும் விழுகின்றன.

விழுகிற தண்ணீரை மைசூர் சமஸ்தானம் சும்மா விடவில்லை. திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் திட்டமிட்டு, 1902ல் இங்கிருந்து 147 கி.மீ. தள்ளியிருந்த கோலார் தங்கச் சுரங்கத்துக்கு மின்சாரம் போனது. 1905ல் பெங்களூர் தெருக்களில் விளக்கு எரிந்தது. ஆசியாவிலேயே முதல் நீர்மின் நிலையம் என்று இதைச் சொல்பவர்கள் டார்ஜிலிங் பக்கத்து சித்ராபோங்கை (1897) மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் இன்று இந்த இடத்தின் விசேஷம் விழுகிற தண்ணீர் அல்ல, ஏறுகிற தண்ணீர். அருவிகளுக்கு மேலே, சிவா அணைக்கட்டில் திருப்பப்படும் காவிரி, நெட்கல் நீர்த்தேக்கம் வழியாகத் தொரெகாடனஹள்ளிக்குச் சாய்மானத்திலேயே வந்துவிடும். அங்கிருந்துதான் கஷ்டம். தொரெகாடனஹள்ளி, ஹாரோஹள்ளி, தாதகுணி என்று மூன்று இடங்களில் பம்ப் செய்து, சுமார் 100 கி.மீ. தூரம் பெங்களூருக்குத் தள்ள வேண்டும். குழாயின் உராய்வையும் சேர்த்தால் ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்துக்கு ஏற்றும் வேலை.

முதல் கட்டம் 1974ல். நாளொன்றுக்கு 13.5 கோடி லிட்டர். போதவில்லை. 1982, 1993, 2002, 2012 என்று அடுத்தடுத்த கட்டங்கள் சேர்ந்து 145 கோடி லிட்டரானது. 2007ல் மாநகராட்சியோடு இணைந்த 110 கிராமங்கள் அப்போதும் லாரித் தண்ணீரையும் ஆழ்துளைக் கிணற்றையும் நம்பியிருந்தன. அவர்களுக்காக வந்த ஐந்தாம் கட்டம், இன்னொரு 77.5 கோடி லிட்டர், 2024 அக்டோபரில்தான் திறக்கப்பட்டது. அதே ஆண்டு மார்ச்சில் நகரம் குடத்துடன் வரிசையில் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

குழாயில் தண்ணீர் குறைந்தால் பெரிய மோட்டாராகப் போடு என்பது வீட்டுக்காரர்களின் வழக்கமான யோசனை. இங்கே அது பலிக்காது. அதே குழாயில் இரண்டு மடங்கு தண்ணீரை ஓட்டினால் உராய்வு சுமார் நான்கு மடங்காகும். அந்த உராய்வை வெல்ல மட்டும் எட்டு மடங்கு மின்சாரம் வேண்டும். அதனால்தான் புதிய பம்புகளோடு புதிய குழாயும் போடுகிறார்கள். ஐந்தாம் கட்டக் குழாயின் விட்டம் 3 மீட்டர். உள்ளே ஆள் நிமிர்ந்து நடக்கலாம்.

மின் கணக்கு இன்னும் சுவாரசியமானது. ஆயிரம் லிட்டரை 500 மீட்டர் ஏற்ற, நஷ்டமே இல்லாத பம்பாக இருந்தாலும் 1.36 யூனிட் செலவாகும். உண்மையான பம்ப், மோட்டார் என்றால் ஒன்றே முக்கால் யூனிட்டை நெருங்கும். அதே ஆயிரம் லிட்டர் சிவசமுத்திரத்தில் 120 மீட்டர் விழுந்து தருவதோ கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். பெங்களூரில் ஒரு குடம் நிறைய, இங்கே ஆறு குடம் விழ வேண்டும்! குடிநீர் வாரியத்தின் செலவில் மின் கட்டணம் பெரும்பங்கை விழுங்குவதில் வியப்பில்லை.

பணம் மட்டுமல்ல, பங்கும் இதில் இருக்கிறது. பெங்களூரில் மூன்றில் ஒரு பகுதிதான் காவிரிப் படுகைக்குள் வருகிறது என்று கணக்கிட்டுக் குடிநீர் ஒதுக்கியது 2007ம் ஆண்டு நடுவர் மன்றத் தீர்ப்பு. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அந்தக் கணக்கை ஏற்காமல் நகருக்கென 4.75 டி.எம்.சி. கூட்டியது. கர்நாடகத்துக்கு மொத்தம் 14.75 டி.எம்.சி. கூடி, தமிழகத்தின் பங்கு 192லிருந்து 177.25 ஆனது. நீதிமன்றம் எல்லையை ஒதுக்கினாலும் சாக்கடை ஒதுக்குவதில்லை. நகரின் மேற்குப் பகுதிக் கழிவு விருஷபாவதி, அர்க்காவதி வழியாக மீண்டும் காவிரியில் சேர்கிறது. கிழக்கே போகும் கழிவு தென்பெண்ணையில் விழுந்து, ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரையாகப் பொங்குகிறது. சிவசமுத்திரத்தில் மேடேறிய காவிரியும் அந்த நுரையில் உண்டு.