ரீப்ளேஸ் கொடுத்த சாயங்காலம்

சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தின் டிசைன் அறையில் நான் வேலை பழகச் சேர்ந்தது ஆனி மாதம். ஆடி 18-க்குப் புது வருஷக் காலண்டர் ஆல்பம் வெளியே வந்தாக வேண்டும். அந்த நேரத்தில் புதுப் பையனுக்கு வேலை சொல்லிக்கொடுக்க யாருக்கும் நேரம் கிடையாது. சாயங்காலம் அன்றைய வேலையை வெளி ஹார்டு டிஸ்கில் காப்பி போட்டு வைப்பது மட்டும் என் பொறுப்பு. இதில் பழகுவதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

வீட்டில் எனக்கு விண்டோஸ்தான் பழக்கம். டிஸ்கில் 'சாமி படம்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும்போது அதே பெயரில் இன்னொன்றைக் கொண்டுபோய்ப் போட்டால், விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடும். ஒரே பெயரில் இரண்டு ஃபைல் வந்தால் மட்டும் மாற்றவா, விட்டுவிடவா என்று கேட்கும். டிஸ்கில் மட்டுமே இருக்கும் ஃபைலை அது தொடாது. அச்சகத்தில் இருந்தது மேக். அதுவும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது வாரம் 'சாமி படம்' ஃபோல்டரை இழுத்து டிஸ்கில் விட்டேன். இதே பெயரில் ஒன்று இருக்கிறது, ரீப்ளேஸ் செய்யவா என்று கேட்டது. கொடுத்துவிட்டேன். மேக்கில் ஒரு ஃபோல்டருக்கு ரீப்ளேஸ் கொடுத்தால், அங்கே இருந்த ஃபோல்டர் உள்ளே இருப்பதோடு மொத்தமாகப் போய்விடும். புதியது அந்த இடத்துக்கு வரும். மேக்கில் இடம் பற்றாமல் பழைய ஸ்கேன்களை அழித்துவிட்டு டிஸ்கில் மட்டும் வைத்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. டிராஷைத் திறந்து பார்த்தேன். அங்கேயும் இல்லை.

போனவை சாதாரணப் படங்கள் இல்லை. கோவில்பட்டியில் இருந்து காலண்டர் படங்கள் வரைந்த ஓவியர் கொண்டையராஜு 1976-இல் மறைந்தார். அவர் காலத்துக் காலண்டர் படங்கள் இந்தப் பக்கத்து வீடுகளில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இன்னும் தொங்குகின்றன. அவற்றை ஒவ்வொரு வீடாகக் கேட்டு வாங்கி, ஸ்கேன் செய்து, பத்திரமாகத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். பல மாத அலைச்சல் அது.

டிசைன் அறையைப் பார்த்துக்கொண்ட அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. "தம்பி, முதல்ல டிஸ்க்க எஜெக்ட் பண்ணிக் கழட்டு. இனி அதுல ஒரு ஃபைல்கூட எழுதக் கூடாது" என்றார். அழிந்த ஃபைல் இருந்த இடத்தில் வேறொன்று எழுதப்படாதவரை மீட்க வழி உண்டு என்பதை அப்போதுதான் கேள்விப்பட்டேன். மீட்பு மென்பொருளை இரவு முழுக்க ஓடவிட்டோம். பாதிக்கு மேல் திரும்பி வந்தன. ஆனால் பெயர்கள் போய், வெறும் எண்களாக வந்தன. சில படங்கள் பாதிவரை சரியாக இருந்து, கீழே சாம்பல் நிறமாகக் கிடந்தன.

மறுநாள் அக்கா எனக்குப் பாடம் எடுத்தார். ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர் உருவாக்கச் சொன்னார். ஒன்றில் இரண்டு வெற்று ஃபைல், இன்னொன்றில் மூன்று. மேக்கிலும் விண்டோஸிலும் ஒன்றன்மேல் ஒன்றைப் போட வைத்து, என்ன மிஞ்சுகிறது என்று நோட்டில் எழுத வைத்தார். "உன்னோட ஃபைல்ல பழகாத. பழகுறதுக்குன்னு ஒண்ணு செஞ்சு அதுல பழகு." எந்தப் புது மென்பொருள் கைக்கு வந்தாலும் இன்றைக்கும் நான் முதலில் செய்வது இதுதான்.

விண்டோஸ் கலந்துவிடுவது நல்லதுதானே என்று கேட்டேன். அதிலும் ஆபத்து உண்டு என்று காட்டினார். தினசரி காலண்டரில் ஒரு அமாவாசைத் தேதி தப்பாக இருக்கிறது, திருத்திவிட்டோம் என்று வையுங்கள். பென் டிரைவில் இருக்கும் திருத்தாத ஃபைலை அதன் மேலே போட்டால் திருத்தம் போய்விடும். அதனால் மாற்றவா என்று கேட்கும்போது இரண்டின் தேதியையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இன்னொன்று, வேண்டாம் என்று நாம் அழித்த ஃபைல் டிஸ்கில் அப்படியே கிடக்கும். ஆறு மாதம் கழித்துத் திரும்ப எடுக்கும்போது அதுவும் சேர்ந்து வந்து நிற்கும். எது அச்சுக்குப் போனது என்று யாராலும் சொல்ல முடியாது. விண்டோஸோடு வரும் ரோபோகாப்பி என்ற காப்பி போடும் கட்டளையில் மிரர் வசதியைக் கொடுத்தால் நிலைமை தலைகீழ்: மூலத்தில் இல்லாததை எல்லாம் டிஸ்கிலிருந்து அழித்துவிடும். காலியான ஃபோல்டரைத் தவறி மூலமாகக் கொடுத்தால் பேக்கப்பும் காலி. நிஜமாகச் செய்யாமல், என்னென்ன நடக்கும் என்று பட்டியல் மட்டும் காட்டும் வசதியும் அதிலேயே இருக்கிறது. அதைப் பார்க்காமல் மிரர் கொடுக்கக் கூடாது.

அன்றிலிருந்து அந்த அறையில் எந்த ஃபோல்டரின் மேலும் எதையும் போடுவதில்லை. ஒவ்வொரு நாளும் புது ஃபோல்டர். பெயரில் வருஷம், மாதம், நாள் என்ற வரிசையில் தேதி. அப்படி எழுதினால்தான் பெயர் வரிசையும் கால வரிசையும் ஒன்றாக நிற்கும். போட்டு முடித்ததும் இரண்டு பக்கமும் ஃபைல் எண்ணிக்கையையும் அளவையும் பார்ப்பேன். பிறகு டிஸ்கில் இருப்பதிலிருந்தே மூன்று ஃபைல்களைத் திறந்து பார்ப்பேன். இடம் நிறைந்தால் பழையதை அழிப்பது அக்கா மட்டும்தான். இரண்டாவது டிஸ்க் ஒன்று அவர் வீட்டில் இருந்தது.

வராமல் போன படங்களுக்காக ஆடி முடிந்ததும் அந்த வீடுகளுக்கு நானே திரும்பப் போனேன். பெரும்பாலானவர்கள் மறுபடியும் கழற்றிக் கொடுத்தார்கள். இரண்டு வீடுகளில், வெள்ளையடித்தபோது பழைய படத்தைத் தூக்கிப் போட்டுவிட்டோம் என்றார்கள். அந்த இரண்டு படங்களும் எங்களிடம் இப்போது இல்லை.