பதில் சொல்லாத போல்ட்

நீலகிரி மலை ரயிலைப் படம் எடுக்கிறவர்கள் புகைபோக்கியைத்தான் எடுக்கிறார்கள். பார்க்க வேண்டிய இடம் இன்ஜினின் பக்கவாட்டில் இருக்கிறது. ஒரு சிலிண்டரின் மேல் இன்னொன்று, பக்கத்துக்கு இரண்டாக நான்கு. மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரை கீழ் சிலிண்டர்கள் மட்டுமே உழைக்கும், மேல் தண்டு அசையாது. கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே பல் தண்டவாளம் தொடங்குகிறது. வண்டி ஊர்ந்து போய்ப் பல்லைப் பிடிக்கிறது. கீழ் சிலிண்டரில் ஒருமுறை உழைத்த நீராவியை டிரைவர் வெளியே விடாமல் மேல் சிலிண்டருக்குத் திருப்புகிறார். அதுவரை கிடந்த தண்டு உயிர் பெற்று, அடியிலுள்ள பல்சக்கரங்களைச் சுழற்றத் தொடங்குகிறது. உழைத்த நீராவிக்கு அழுத்தம் குறைவு, கனஅளவு அதிகம். அதனால் மேல் தண்டு கீழ்த் தண்டைவிட வேகமாக ஓடுகிறது. பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி உயரும் மலையில் இந்த இன்ஜின் ஏறுவது இப்படித்தான்.

சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் எஸ்.எல்.எம். நிறுவனம் செய்த எக்ஸ் வகுப்பு இன்ஜின்கள் இவை. முதல் தொகுதி 1914-க்கும் 1925-க்கும் இடையில் வந்தது, அடுத்தது 1952-இல். குன்னூர் வரை 1899-இலும் ஊட்டி வரை 1908-இலும் ரயில் போய்விட்டது. இந்த இன்ஜின்கள் அதற்குப் பிறகு வந்து, முன்பிருந்தவற்றின் வேலையை ஏற்றுக்கொண்டன. இன்றும் அந்த வேலையை விடவில்லை.

இவற்றைப் பராமரிப்பது குன்னூர் லோகோ ஷெட். நான் போனபோது ஓர் இன்ஜின் பாயிலர் கழுவுவதற்காக நிறுத்தப்பட்டு, ஆறவைக்கப்பட்டிருந்தது. அடிப்பக்க மூடிகளைக் கழற்றித் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கிறார்கள். சுண்ணாம்புச் செதில்களும் சேறும் வெளியே வந்து விழுகின்றன. இந்தச் செதில் படிந்தால் நெருப்பின் சூடு தண்ணீருக்குப் போகாமல் இரும்பிலேயே தங்கிவிடும். இரும்பு இளகினால் விளைவு என்னவென்று அங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்து நடந்ததை நெடுநேரம் நின்று பார்த்தேன். நெருப்புப்பெட்டியைச் சுற்றி இரண்டு சுவர்கள், இடையில் தண்ணீர். அந்தச் சுவர்கள் அழுத்தத்தில் பிளந்துவிடாமல் வரிசை வரிசையாக ஸ்டே போல்ட்டுகள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. மூத்த ஃபிட்டர் ஒருவர் உள்ளே தவழ்ந்து போய்ச் சிறு சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டினார். கணீர், கணீர். பிறகு ஓரிடத்தில் ‘டொக்’ என்றதாம். என் காதுக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருந்தது. “நல்ல போல்ட் பதில் சொல்லும் சார். உடைஞ்சது சொல்லாது” என்றார். பிறகு கூட நின்ற இளைஞரிடம் சுத்தியலைக் கொடுத்து, “இப்ப நீ தட்டு தம்பி. பாக்காத, கேளு” என்றார். அந்தத் தம்பி இரண்டு நல்ல போல்ட்டுகளைச் சந்தேகப்பட்டுவிட்டு, மூன்றாவது சுற்றில் உடைந்ததைக் கண்டுபிடித்தார். பெரியவர் பாராட்டவில்லை. சாக்பீஸை எடுத்து நீட்டினார், குறி போடச் சொல்லி.

இங்கு வருகிறவர்கள் பலரும் “இது ஒரிஜினல்தானா?” என்று கேட்கிறார்களாம். எனக்கு அந்தக் கேள்வியில் உடன்பாடில்லை. மலை ஏறும் இன்ஜினில் பல்சக்கரம் தேயும், குழாய் அரிக்கும், பேரிங் போகும். மாற்றாமல் ஓட்ட முடியாது, மாற்றுவதற்குக் கடையில் பொருள் கிடைக்காது. பெரிய வேலைகளுக்கு இன்ஜின் மலையிறங்கித் திருச்சி பொன்மலைப் பணிமனைக்குப் போகிறது. அந்தப் பணிமனை எண்ணெயில் ஓடும் நான்கு எக்ஸ் வகுப்பு இன்ஜின்களையே புதிதாகச் செய்து கொடுத்தது. 2021-இல் நிலக்கரியில் ஓடும் ஒன்றையும் செய்தது. வின்டர்தூர் இதற்கு மேல் அனுப்பப்போவதில்லை என்றான பிறகு பொன்மலைத் தொழிலாளர்கள் செய்த இந்த வேலையை நம்மில் எத்தனை பேர் பேசியிருக்கிறோம்? 2005-இல் இந்த மலை ரயில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததைக் கொண்டாடிய அளவுக்காவது இதையும் கொண்டாடியிருக்க வேண்டும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது இன்ஜின் பின்னால் இருந்து தள்ளுகிறது. டிரைவருக்கு முன்னால் இருப்பது தெரியாது. ஒவ்வொரு பெட்டியின் முன் மேடையிலும் ஒரு பிரேக்ஸ்மேன் கொடியோடு நிற்கிறார். முதல் பெட்டிக்காரர் கண்ணில் பட்டது, பெட்டி பெட்டியாகக் கொடி மாறி டிரைவரிடம் வந்து சேர்கிறது. மழையில் பாறை உருண்டிருக்கலாம், வளைவுக்கு அப்பால் யானை நிற்கலாம். 208 வளைவுகள், 16 சுரங்கங்கள். பயணிகள் சுரங்கத்தில் கூச்சல் போடுகையில் இவர்கள் வாயே திறப்பதில்லை.

இப்போது பெரும்பாலும் எண்ணெய் அடுப்புதான். மண்வாரியால் கரி அள்ளிப்போட்ட காலத்தின் முதுகுவலி குறைந்திருக்கிறது, கவனம் குறையவில்லை. “புகை கறுத்தா எண்ணெய் வீணாப்போவுது. லேசாச் சாம்பல் கலர்ல வரணும்” என்றார் ஃபயர்மேன். ஒரு கண் புகைமேல், ஒரு கண் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய்மேல். சரிவில் பாயிலர் தண்ணீரும் சாய்வதால், குழாய் காட்டும் அளவை இடத்துக்கு ஏற்பப் படிக்கத் தெரிய வேண்டும். வழியில் ஹில்குரோவ் போன்ற இடங்களில் தண்ணீர் பிடிக்கிறார்கள். பயணிகள் டீ குடிக்க இறங்கும் நேரத்தில் இவர்கள் எண்ணெய்க் குடுவையோடு சக்கரங்களைச் சுற்றி வருகிறார்கள்.

இறங்கும்போதுதான் கஷ்டம் என்றார் டிரைவர். அப்போது சிலிண்டர்களே பிரேக். காற்றை உள்ளே இழுத்து அழுத்தி வண்டியைத் தாங்குகின்றன. அந்தச் சூட்டைத் தணிக்க உள்ளே தண்ணீர் விடுகிறார்கள். ஏறுவதற்குப் பலம் போதும், இறங்குவதற்குப் பொறுமை வேண்டும் என்று அவர் சொன்னபோது கை ரெகுலேட்டரிலேயே இருந்தது.

குன்னூரில் இன்ஜினைக் கழற்றினார்கள். அங்கிருந்து ஊட்டிக்கு டீசல் இழுக்கும், பல் தண்டவாளம் தேவையில்லை. டிரைவர் இறங்கியதும் ஃபிட்டரிடம், இடது பக்க மேல் தண்டில் சத்தம் வருகிறது என்றார். ஃபிட்டர் புறங்கையால் பேரிங்கைத் தொட்டுப் பார்த்து, “சூடு இல்லையேண்ணே, ஆப்புதான் தளர்ந்திருக்கும்” என்றார். டிரைவர் ஒப்புக்கொள்ளவில்லை. இருவரும் ஸ்பேனரோடு இன்ஜினுக்கு அடியில் குனிந்தார்கள்.