பாசியெண்ணெயும் ஒரு படகும்

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலே எங்கள் படகு கதிரவெளிக் கரையிற் பல வாரங்கள் ஏற்றப்பட்டுக் கிடந்தது. படகிற் பழுதொன்றும் இல்லை. எஞ்சினுக்கு ஊற்ற மண்ணெண்ணெய் இல்லை. எரிபொருள் வருமென்று கேள்விப்பட்ட நாட்களில் தந்தையார் விடியுமுன்னரே கானைத் தூக்கிக்கொண்டு சென்று வரிசையில் நிற்பார். பெரும்பாலும் வெறுங்கானுடனேயே திரும்புவார். அவ்வாறு திரும்பிய ஒரு மாலைப்பொழுதில், வீட்டின் பின்புறத்துக் குட்டையிற் படர்ந்திருந்த பாசியைக் காட்டி, "இதிலயிருந்து எண்ணெய் எடுக்கிற படிப்புத்தானே நீ படிக்கிறாய், மனே? ஒரு கான் எப்ப தருவாய்?" என்று கேட்டார். கேலியாகவே கேட்டார். எனக்கோ அது கேலியாகப் படவில்லை.

தாவரங்களிலும் அல்காக்களிலும் எண்ணெயை ஆக்கும் நொதியங்களை ஒப்புநோக்கி அப்போது நான் கட்டுரையொன்று எழுதிக்கொண்டிருந்தேன். கிளிசரோல் மூலக்கூறொன்றிலே கொழுப்பமிலங்கள் மூன்று ஒன்றன்பின் ஒன்றாக இணைவதாலேயே எண்ணெய் உண்டாகிறது. மூன்றாவதை இணைக்கும் இறுதிப்பணி ஈரசைல்கிளிசரோல் அசைல்மாற்றி என்னும் நொதியத்துக்கு உரியது. பெயர் நீளமாயினும் தொழில் அவ்வளவுதான். அமைப்பில் உறவற்ற, ஆயினும் ஒரே தொழிலைப் புரிகின்ற இரு முதன்மை வகைகள் இதற்கு உள. ஆய்வுகூடங்களிற் பெரிதும் பயிலப்படும் அரபிடோப்சிசு என்ற சிறு பூண்டில் இவ்விருவகைக்கும் ஒவ்வொரு மரபணு உண்டு. கிளாமிடோமோனசு என்ற ஒருகல அல்காவிலோ முதல்வகைக்கு ஒன்று, இரண்டாம் வகைக்கு ஐந்து. இத்துணைச் சிறிய உயிருக்கு இத்தனை எதற்கு என்று நான் வியந்ததுண்டு.

எங்கள் பக்கத்துச் சேனைகளில் விளையும் சோளனை எடுத்துக்கொள்வோம். சில சோளன் இனங்களின் வித்தில் எண்ணெய் மிகுந்திருப்பதற்கு, இந்நொதியத்திலே பினைலலனைன் என்ற ஒரேயொரு அமினோவமிலம் கூடுதலாக இருப்பதே காரணமென 2008இல் ஆய்வாளர் கண்டனர். வித்திலுள்ள எண்ணெய், முளைக்கப்போகும் பிள்ளைக்குத் தாய் கட்டிக்கொடுக்கும் கட்டுச்சோறு. அதனைக் கட்டும் கை சற்று விரைந்தால் சோறும் சற்று மிகுகிறது.

அல்காவுக்கு வித்தும் இல்லை, பிள்ளைக்குக் கட்டுச்சோறும் இல்லை. நைதரசன் அற்றுப்போகும்போதுதான் அது எண்ணெயைக் குவிக்கிறது. புரதம் ஆக்க வழியின்றிக் கலப்பிரிவு நின்றுவிடுகிறது; ஒளித்தொகுப்பால் வந்த காபன் எண்ணெய்த் துளிகளாகத் தேங்குகிறது. இதனைத் தந்தையாருக்கு விளக்கியபோது, பட்டினி கிடப்பவன் கொழுப்பது எங்ஙனம் என்று முதலில் மறுத்தார். பின்னர், "கடலுக்குப் போகேலாத நாளில நான் வலை பொத்துறன். அதுபோலயோ?" என்றார். அதனினும் தெளிவான விளக்கத்தை நான் எந்நூலிலும் கண்டதில்லை.

இடர்ப்பாடும் அங்கேயே இருக்கிறது. வலை பொத்துகின்ற நாளில் மீன் வராது. எண்ணெய் சேர்க்கின்ற அல்கா பெருகாது. அமெரிக்க அரசு 1978 முதல் 1996 வரை நடத்திய அல்கா எரிபொருள் ஆய்வில், கொழுப்பமில ஆக்கத்தின் தொடக்க நொதியத்தைச் சைக்குளோற்றெல்லா என்ற தயற்றத்தில் இரண்டு மூன்று மடங்காக்கிப் பார்த்தனர். நொதியம் மிகுந்தது, எண்ணெய் மிகவில்லை. கிளாமிடோமோனசில் இறுதி நொதியத்தைப் பெருக்கிய ஆய்வொன்றும் இவ்வாறே முடிந்தது. 2017இலே நன்னோகுளோரோப்சிசு என்ற அல்காவில் நொதியத்தை விட்டுக் கட்டுப்பாட்டு மரபணுவொன்றைத் தணித்தனர். வளர்ச்சி பெரிதும் குன்றாமலே எண்ணெய் இருமடங்காயிற்று. அதனை என் கட்டுரையில் மிகுந்த நம்பிக்கையுடன் எழுதினேன். அம்முயற்சிக்குப் பணம் அளித்த எக்சன்மோபில் நிறுவனம் 2023இலே கைவாங்கிவிடும் என்பதை அன்று நான் எவ்வாறு அறிவேன்?

ஓகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவாயிற்று. அவ்விலைக்கு ஒரு கான் வாங்கிவந்து தந்தையார் படகை இறக்கினார். நானும் தள்ளிக்கொடுத்தேன்.

"உன்ட பாசி எண்ணெய் என்ன விலைக்கு வரும்?"

இதனிலும் பன்மடங்கு என்றேன். அவர் சிரித்துவிட்டு எஞ்சின் கயிற்றை இழுத்தார்.