142 அடியும் ஒரு பிளஸ் ஒன் கணக்கும்

மழைக்காலம் வந்துவிட்டால் கம்பம் பள்ளத்தாக்கில் காலையில் முதலில் விசாரிப்பது தங்கம் விலையை அல்ல, முல்லைப் பெரியாறு நீர்மட்டத்தை. எண் 142-ஐ நெருங்க நெருங்க கூடலூர் டீக்கடைகளில் முகம் மலரும். இங்கே 14,707 ஏக்கர் இருபோக நெல் அந்தத் தண்ணீரைத்தான் நம்பியிருக்கிறது. அதே எண்ணைப் பார்த்து, அணைக்குக் கீழே இடுக்கிப் பக்கம் இருப்பவர்களுக்குத் தூக்கம் போகும். இரண்டு பக்கமும் வாட்ஸ்அப்பில் சுற்றும் வீடியோக்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்!

கூடலூரில் பிளஸ் ஒன் படிக்கும் ஒரு மாணவிக்கு இந்த விவகாரம் இயற்பியல் புத்தகத்தில் வந்து நின்றது. பாடம்: நிறை மையம். ஒவ்வொரு நிறையையும் அது இருக்கும் தூரத்தால் பெருக்கு, எல்லாவற்றையும் கூட்டு, மொத்த நிறையால் வகு. அவ்வளவுதான் சூத்திரம். 9 அடிப் பலகையின் ஒரு முனையில் 60 கிலோ தாத்தா, மறுமுனையில் 30 கிலோ பேத்தி. பலகையின் எடையை விட்டுவிட்டால், தாத்தாவிடமிருந்து 3 அடியில் முட்டுக் கொடுத்தால் பலகை சாயாமல் நிற்கும்.

"அப்ப நம்ம அணை எதுல நிக்குது ஆத்தா?" என்று தாத்தா கேட்டுவிட்டார். அவருக்கு ஒன்றரை ஏக்கர் நெல் வயல்.

நியாயமான கேள்வி. 1887-ல் தொடங்கி 1895-ல் பென்னி குவிக் கட்டி முடித்த அந்த அணை, கல்லும் சுண்ணாம்பு சுர்க்கிக் கலவையும்தான். தன் எடையாலேயே தண்ணீரைத் தடுத்து நிற்கும் வகை. எடை எவ்வளவு என்பது பாதிக் கேள்விதான். அது எங்கே விழுகிறது என்பது மீதி.

அவள் நோட்டில் அணையைக் குறுக்கே வெட்டி வரைந்தாள். நிஜ அளவுகள் அல்ல, கணக்குக்கு வசதியான எண்கள். தண்ணீர்ப் பக்கம் 10 அடி அகலம், 150 அடி உயரத்தில் ஒரு செவ்வகம். அதை ஒட்டி, பின்னால் சரியும் 120 அடி அகல முக்கோணம். பரப்பையே எடையாகக் கொண்டால் முதலாவது 1,500, இரண்டாவது 9,000. ஒவ்வொன்றும் அதனதன் மையத்தில் ஒரு புள்ளி. தண்ணீர்ப் பக்கத்திலிருந்து 5 அடியிலும் 50 அடியிலும். பெருக்கி, கூட்டி, வகுத்தால் 43.6 அடி. அடித்தளம் 130 அடி. அதன் மூன்றில் ஒரு பங்கு 43.3.

இந்த நெருக்கம் தற்செயல் இல்லை. இது அணை காலியாக இருக்கும்போது எடை விழும் இடம். நிரம்பினால் தண்ணீர் தள்ளும். எடையும் தள்ளலும் சேர்ந்த விசை அடித்தளத்தைத் தொடும் இடம் பின்பக்கமாக நகரும். அது அடித்தளத்தின் நடு மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்கும்வரை கட்டுமானத்தில் எங்கும் இழுப்பு வராது. தாண்டினால் தண்ணீர்ப் பக்க அடிப்பகுதி விரியப் பார்க்கும். சுண்ணாம்புக் கலவை அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது.

இன்னொரு தொல்லை, அடியில் புகுந்து அணையை மேலே தூக்கப் பார்க்கும் நீர். 1895 ஏப்ரலில் பிரான்ஸின் பூசே அணை உடைந்து 80-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன் பிறகுதான் பொறியாளர்கள் இந்தத் தூக்கலைக் கணக்கில் தீவிரமாகச் சேர்த்தார்கள். முல்லைப் பெரியாறு திறக்கப்பட்டதோ அதே ஆண்டு அக்டோபரில்!

1979-ல் குஜராத்தின் மோர்வி அணை உடைந்ததும் கேரளத்தில் அச்சம் கிளம்பியது. நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டு, பலப்படுத்தும் வேலை நடந்தது. அணையின் தலையில் கான்கிரீட் தொப்பி போட்டு 12,000 டன் ஏற்றினார்கள். பஸ் கூரையில் மூட்டை ஏற்றினால் கவிழுமே, இது எப்படி? அணையின் உச்சி தண்ணீர்ப் பக்கத்தை ஒட்டி இருக்கிறது. தண்ணீர் பின்னால் தள்ள, தொப்பியின் எடை முன்பக்கம் அழுத்திப் பிடிக்கும். எஃகு வடங்களைச் செங்குத்தாக இறக்கிப் பாறையோடு இறுக்கிக் கட்டினார்கள். பின்புறம் கான்கிரீட் சுவர் சேர்த்து அடித்தளத்தை அகலமாக்கினார்கள். 2014 மே 7-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 142 அடியை உறுதிசெய்தபோது, இந்த வேலைகள் எல்லாம் விவாதத்தில் இருந்தன.

தாத்தா நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"152-க்கு ஏத்தினா இந்தக் கோடு எங்க விழும்?"

"அடியில தண்ணி எவ்வளவு தூக்குதுன்னு தெரியணும் தாத்தா. இந்தக் கணக்குல அத நான் சேக்கல."

"சேத்துப் பாரு. நான் தண்ணி பாச்சிட்டு வர்றேன்."

அவள் முக்கோணத்தின் அடியில், மேல்நோக்கி ஓர் அம்புக்குறி போட்டாள்.