அத்தாவுக்கு ஊட்டி காட்டிய நாள்

மழை ஓய்ந்த காலைகளில் பீளமேட்டிலிருந்து பார்த்தால் வடமேற்கே நீலமலைத் தொடர் தெரியும். மில்லில் 35 ஆண்டுகள் ஃபிட்டராக உழைத்த என் அத்தா அவர்கள், காலை ஷிப்டுக்குச் சைக்கிளில் ஏறும்போது அந்தத் திசையை நோக்கி, "இன்ஷா அல்லாஹ், அடுத்த வருஷம் எல்லாரும் ஊட்டி போவோம்" என்பார்கள். தங்கையின் திருமணம், வீட்டுக் கடன், மில் மூடல் என அந்த அடுத்த வருஷம் நகர்ந்துகொண்டே போயிற்று. இதற்கிடையில் கிளாக்கோமா என்னும் கண்ணழுத்த நோய் வந்தது. போன பார்வை திரும்பாது என்றார் மருத்துவர். இப்போது அவர்களுக்கு வயது 82. வெளிச்சமும் நிழலும் மட்டுமே தெரியும்.

"இனி எதற்கு ஊட்டி?" என்று நாங்கள் வாய்விட்டுச் சொல்லவில்லை, மனத்தில் எல்லாருக்கும் இருந்தது. அவர்களே ஒருநாள், "திப்பு சுல்தான் அரண்மனை மரம் அங்கே ஒரு சர்ச்சில் இருக்காமே, அதைக் காட்டு" என்றார்கள்.

2025 பிப்ரவரியில் புறப்பட்டோம். 2024 மே முதல் உயர்நீதிமன்ற உத்தரவின்படி நடைமுறைக்கு வந்த இ-பாஸை எடுத்துவைத்திருந்தான், காரோட்டிய தங்கை மகன். சுமார் 90 கிலோமீட்டர்தான். ஆயினும் அந்த ஊர் எங்கள் மூவருக்கும் புதிது. உலகமெல்லாம் வந்து பார்க்கும் இடத்தைப் பக்கத்தூர்க்காரன் பார்ப்பதில்லை போலும்.

கல்லாறு தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கின. அத்தா விரல்விட்டு எண்ணினார்கள். குன்னூர் வந்தபோது, "பதினாலு" என்றார்கள், சரியாகவே இருந்தது. குன்னூர் நிலையத்தில் நீராவி எஞ்சினின் ஊதல் கேட்டதும் காரை நிறுத்தச் சொன்னார்கள். இருப்புப்பாதை குன்னூருக்கு 1899இலும் உதகைக்கு 1908இலும் வந்தது. 12 அடிக்கு 1 அடி ஏறும் செங்குத்தில் சக்கரம் வழுக்காமலிருக்க, தண்டவாளங்களின் நடுவே பல் வைத்த இரும்புச் சட்டங்களைப் பதித்து, எஞ்சினின் பல்சக்கரம் அதில் கடித்து ஏறுமாறு செய்திருக்கிறார்கள். இதை நான் படித்துச் சொல்ல, "பல்லுக்குப் பல் எண்ணெய் போடணுமே, யார் போடுறாங்க?" என்று அங்கிருந்த ஊழியரிடம் கேட்டு, அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நூற்பாலை மனிதருக்கு அதுவே பெரிய காட்சி.

உதகையில் கைப்பேசி சொன்ன வழியே போய், சேரிங் கிராஸ் நீரூற்றை மூன்று தடவை சுற்றினோம். "மாமா, இது ஊரா, ராட்டினமா?" என்று சலித்துக்கொண்டான் மருமகன். பள்ளிவாசல் போய்ச் சேர்ந்தபோது லுஹர் ஜமாஅத் முடிந்திருந்தது. நான்கு ரக்அத்துக்கு நிய்யத் வைக்கப்போன என்னை அத்தா தடுத்து, "நாம முசாஃபிர்; ரெண்டுதான்" என்றார்கள். அவர்களே இமாமாக நிற்க, கஸ்ராகத் தொழுதோம்.

மைசூர்ச் சாலையில் மேட்டின்மேல் நிற்கிறது புனித ஸ்டீபன் தேவாலயம். 1829இல் அடிக்கல் நாட்டி, 1830இல் அர்ப்பணித்தார்கள். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டினம் வீழ்ந்து சுல்தான் ஷஹீதானபின் கோவைச் சீமை ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. இந்த மலையில் ஊர் அமைத்த சல்லிவன், கோயம்புத்தூர்க் கலெக்டர். மலைமேல் கட்டிய தேவாலயத்திற்கு, சுல்தானின் அரண்மனையில் பிரித்த உத்தரங்களை ஏற்றிவந்தார்கள்.

வாசலில் அத்தா செருப்பைக் கழற்றினார்கள். வேண்டியதில்லை என்றார் அங்கிருந்தவர். "உங்க தொழுகை இடம்தானே" என்று வெறுங்காலோடு உள்ளே வந்தார்கள். நான் அண்ணாந்து பார்த்தேன். கருத்து முதிர்ந்த மரம், அவ்வளவுதான். எட்டித் தொடவும் முடியாத உயரம். எதைச் சொல்வது? "அழகாயிருக்கு அத்தா" என்றேன்.

அவர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. "அழகை விடு. எத்தனை எட்டு அகலம்? சுவரில் எப்படி உட்கார்ந்திருக்கு? வளைஞ்சிருக்கா?"

சுவருக்குச் சுவர் நடந்து எண்ணினேன். உத்தரம் உட்கார்ந்த இடத்தை, வளைவில்லாமல் அது நிற்பதை, அதன்மேல் விழும் சன்னல் வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்துச் சொன்னேன். என் 51 வயதில் ஒரு பொருளை அவ்வாறு உற்றுப் பார்த்ததில்லை. அத்தா முகத்தை மேலே தூக்கியபடியே கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு அடங்கிய குரலில் ஃபாத்திஹா ஓதினார்கள். மருமகன் என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பூங்கா, ஏரி எல்லாம் காரிலிருந்தே முடிந்தன. வர்க்கி வாங்கினோம். யூகலிப்டஸ் வாசனை வந்த இடங்களில் மட்டும் கண்ணாடியை இறக்கச் சொன்னார்கள்.

இரவு பீளமேட்டில், "என்ன பாத்தீங்க நன்னா?" என்று தங்கையின் கடைக்குட்டி மடியில் ஏறிக் கேட்டாள். அத்தா இரு கைகளையும் விரித்து, உத்தரத்தின் கனத்தைக் காட்டத் தொடங்கினார்கள். நான் இடையில் புகுந்து, பதினெட்டு எட்டு அகலம் என்றேன்.

"பத்தொன்பது" என்றார்கள். "திரும்பும்போது நானும் எண்ணினேன்."