சாவிக்கொத்து

பிப்ரவரி 9

இரவு முழுக்க உறைபனி. கார் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டே இவர் கேட்டார், “இந்தக் குளிரில் தோட்டம் பார்க்கவா கிளம்புகிறோம்?” ஆங்கில்சி அபே தோட்டத்தைக் குளிரில்தான் பார்க்க வேண்டும். கேம்பிரிட்ஜிலிருந்து பக்கம்தான். 1926இல் ஹட்டில்ஸ்டன் ப்ரௌட்டன் இந்த இடத்தை வாங்கினார். பின்னாளில் ஃபேர்ஹேவன் பிரபு ஆனவர். 40 ஆண்டுகள் வீட்டையும் தோட்டத்தையும் இழைத்து இழைத்து வளர்த்துவிட்டு, 1966இல் சாகும்போது, பழைய வீடுகளையும் தோட்டங்களையும் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்புக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார்.

குளிர்காலத்துக்கென்றே இங்கே ஒரு நடைபாதை உண்டு. 1998இல் போட்டது. பாம்பு போல வளைந்து போவதால் அடுத்த திருப்பத்தில் என்ன இருக்கிறதென்று தெரியாது. இலையே இல்லாத டாக்வுட் குச்சிகள் குங்குமச் சிவப்பாக நிற்கின்றன. சார்கோகோக்கா என்றொரு புதர்; பூ எங்கே இருக்கிறதென்று தேட வேண்டும், வாசனைதான் முதலில் வந்து ஆளை நிறுத்துகிறது. பாதை முடியும் இடத்தில் இமயமலை பிர்ச் மரங்கள். சுண்ணாம்பு அடித்த தூண்கள் போல அத்தனை வெண்மை. இது நம் நூல்கள் சொல்லும் பூர்ஜ மரம். தெற்கே நாம் பனையோலையில் எழுதிய காலத்தில் காஷ்மீரத்துப் பண்டிதர்கள் இதன் பட்டையில் எழுதினார்கள். இங்கிலாந்தின் ஈர மண்ணில் அதன் அடியில் ஸ்னோட்ராப் பூக்கள் தலை குனிந்து நிற்பதைச் சின்னவள் மண்டியிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராத்திரி அம்மாவிடம் பேசினேன். கும்பகோணத்துப் பக்கம் பூட்டிக் கிடக்கும் எங்கள் வீட்டுக்கு மறுபடியும் ஆள் வந்திருக்கிறான். வீடு வேண்டாமாம். முற்றத்துத் தேக்குத் தூண்கள் எட்டும், வாசல் நிலையும் போதுமாம். ஏதோ ரிசார்ட்டுக்கு.

மே 2

அம்மா வந்து ஒரு வாரம். கைப்பையில் பாஸ்போர்ட்டோடு ஊர் வீட்டுச் சாவிக்கொத்தும் இருக்கிறது. “அங்க யார்கிட்ட குடுத்துட்டு வர்றது?” என்றாள்.

இன்று ஆஷ்ரிட்ஜ் காடு. பீச் மரங்களுக்கு அடியில் கண்ணுக்கு எட்டிய தூரம் புளூபெல். ஊதாவா நீலமா என்று சொல்ல முடியாத நிறம், தரையிலிருந்து புகை எழுவது போல. மரங்கள் முழுதாக இலை விட்டு வெயிலை மறைப்பதற்குள் பூத்து முடித்துவிட வேண்டிய அவசரம் இந்தப் பூவுக்கு. ஒரு முறை மிதித்த இடம் தேற வருடக்கணக்கில் ஆகும் என்பதால் பாதையை விட்டு இறங்கக் கூடாது. கிழங்கைத் தோண்டுவதற்கு 1981ஆம் ஆண்டுச் சட்டத்தில் தடை இருக்கிறது. அம்மா பாதையோரமாகவே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஜூன் 21

சிஸ்ஸிங்ஹர்ஸ்ட். வெள்ளைத் தோட்டம் பூத்துக் குலுங்கியது. ஆனால் கூட்டம், மழையும் சேர்ந்துகொண்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி. சீக்கிரமே திரும்பிவிட்டோம்.

ஜூலை 27

வேல்ஸில் பொவிஸ் கோட்டை. விடியும் முன் கிளம்பி, புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போனோம். செங்கல் நிறக் கல்லில் பாறை மேல் உட்கார்ந்திருக்கிறது கோட்டை. அதிலிருந்து அடுக்கடுக்காக இறங்குகிறது தோட்டம். 300 வயது யூ மரங்கள் வெட்டி வெட்டிப் பெரிய பெரிய மேகப் பொதிகளாகிவிட்டன. முற்றத்தில் ஒரு மயில். அம்மாவுக்கு அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

பிறகு கிளைவ் அருங்காட்சியகத்துக்குள் போனோம். நான் அம்மாவை அழைத்து வந்ததே இதற்காகத்தான். ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்ட் கிளைவ் 1798 முதல் 1803 வரை சென்னையில் கவர்னராக இருந்தார். அவர் மனைவி ஹென்ரியெட்டா இந்தக் கோட்டைக் குடும்பத்துப் பெண். கவர்னராகப் போய் அடுத்த ஆண்டே, 1799 மே 4 அன்று, ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு இறந்தார். அவர் சிம்மாசனத்திலிருந்த தங்கப் புலித்தலை ஒன்று இங்கே கண்ணாடிக்குள் இருக்கிறது. அவர் கூடாரத்தின் துணியும் இங்கேதான் வந்து சேர்ந்தது.

அரை இருட்டு அறை. கண் பழகக் கொஞ்ச நேரம் ஆனது. வெள்ளைப் பருத்தியில் வளைவு வளைவாக மாடங்கள். ஒவ்வொரு மாடத்திலும் ஒரு பூச்சாடி. சிவப்பும் பச்சையுமாகப் பூ. அம்மா மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு கிட்டப் போனாள்.

“இது சீட்டித்துணிடி. எங்க ஆத்தா மெத்தைக்கு உறை போட்டு வச்சிருந்துச்சே, அந்த மாதிரி.”

ஆமாம், சீட்டிதான். 1725க்கும் 1750க்கும் இடையில் செய்ததாம். அப்படியானால் திப்புவைவிட மூத்தது. இங்கே வந்த பிறகு இதைத் தோட்ட விருந்துகளுக்குப் பந்தலாகக் கட்டினார்கள். ஒரு அரசன் படுத்து உறங்கிய துணியின் கீழ் வேறு யாரோ தேநீர் குடித்திருக்கிறார்கள். அதை நினைத்தபோது வெளியே பார்த்த அத்தனை அழகும் எனக்குக் கொஞ்ச நேரம் கசந்தது.

எட்வர்ட் கிளைவ் காலத்தில், ஸ்ரீரங்கப்பட்டண வெற்றியை நினைவூட்டும்படி, சென்னையில் எழுந்த விருந்து மண்டபம்தான் இன்றைய ராஜாஜி மண்டபம் என்று சொன்னேன். அம்மா திரும்பிப் பார்த்தாள். 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். உடலைப் பார்க்க அந்த மண்டபப் படிகளுக்குக் கீழே ராத்திரி முழுக்க வரிசையில் நின்றவள் அவள். “அந்தப் படிக்கட்டு இவங்க கட்டுனதா?” என்று இரண்டு முறை கேட்டாள்.

1800இல் ஹென்ரியெட்டா இரண்டு மகள்களையும் கூட்டிக்கொண்டு சென்னையிலிருந்து கிளம்பி, வேலூர், பெங்களூர், ஸ்ரீரங்கப்பட்டணம், கோயம்புத்தூர், திருச்சி, தஞ்சாவூர், தரங்கம்பாடி என்று ஏழு மாதம் சுற்றினாள். போகிற வழியெல்லாம் செடிகளும் கற்களும் சேர்த்தாள். மகள் சார்லெட் நாட்குறிப்பு எழுதினாள். சரபோஜி பட்டத்திலிருந்த தஞ்சாவூரை ஒரு சின்னப் பெண்ணின் கண்ணால் பார்த்து எழுதியவள், பின்னாளில் இளவரசி விக்டோரியாவுக்கு ஆசிரியையாக அமர்ந்தாள். எனக்கு அந்தக் குழந்தை மேல் கோபம் வரவில்லை. அவளும் என்னைப் போல ஊர் சுற்றிப் பார்த்து நாட்குறிப்பு எழுதியவள்தானே.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 2020இல், இந்தக் கோட்டையையும் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் தன்னிடமிருக்கும் இடங்களில் 93க்கு அடிமை வணிகத்தோடும் காலனி ஆட்சியோடும் தொடர்பு உண்டென்று அறிக்கை வெளியிட்டபோது இங்கே பலருக்குப் பிடிக்கவில்லை. விடுமுறை நாளில் வருகிறவர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்றார்கள். விடுமுறை நாளில்தான் என் அம்மாவும் வந்தாள். பொருள் எந்த ஊருடையது, எப்படி வந்தது என்று சொல்லாமல் அழகை மட்டும் காட்டினால் அவளுக்குப் பாதி வீட்டைத்தான் காட்டியதாகும்.

புல்வெளியில் கட்டுச்சோற்றைப் பிரித்தோம். அம்மா வெகுநேரம் சாப்பிடாமல் டப்பாவைக் கையில் வைத்திருந்தாள். “இங்க மழையில நனையாம இருக்கு. அது ஒண்ணுதான்,” என்றாள் கடைசியில்.

அக்டோபர் 15

அம்மா ஊருக்குத் திரும்ப ஒரு வாரம்தான். ஸ்டவர்ஹெட் போனோம்.

ஹோர் என்ற வங்கிக் குடும்பத்தின் இடம். பள்ளத்தாக்கில் அணை கட்டி ஏரியை உண்டாக்கி, அதைச் சுற்றிக் கோயில்கள் போலச் சிறு கட்டடங்கள் வைத்தார்கள். ஏரியைச் சுற்றி வரும்போது ஒவ்வொன்றாகத் தெரிந்து மறைய வேண்டும் என்று 18ஆம் நூற்றாண்டிலேயே கணக்குப் போட்டிருக்கிறார்கள். இன்று மேப்பிள் மரங்கள் தண்ணீருக்குள்ளும் எரிந்தன. காற்றே இல்லை. நெல் அறுத்த வயலில் வரும் வாசனை போல ஒன்று, அழுகத் தொடங்கும் இலைகளிலிருந்து வந்தது. அம்மா கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஏரியை முழுச் சுற்றும் நடந்தாள். பிரகாரம் சுற்றுவது போல, வலமாகத்தான் நடப்பேன் என்றாள்.

வீட்டுக்குள் நூலகம். மரச்சாமான் கலைஞர் சிப்பண்டேலின் மகன் இந்த அறைக்கென்றே செய்த மேசை நாற்காலிகள் 200 ஆண்டுகளாக இதே வீட்டில் இருக்கின்றன. 1902இல் தீப்பிடித்து நடுவீடு எரிந்தபோதும் கீழ்த்தளத்துச் சாமான்களைத் தூக்கி வெளியே கொண்டுவந்து காப்பாற்றியிருக்கிறார்கள்.

அறைக்குப் பொறுப்பாக உட்கார்ந்திருந்த பெரியவர், சம்பளமில்லாமல் வருகிற தொண்டர், அம்மாவின் நடையைப் பார்த்து ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். கடைசி ஹோர் தம்பதியின் கதையைச் சொன்னார். நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். ஹென்றியும் ஆல்டாவும். ஒரே பிள்ளை ஹாரி. முதல் உலகப்போரில் பாலஸ்தீனத்தில் காயம்பட்டு 1917இல் அலெக்சாண்ட்ரியாவில் இறந்துபோனான். 30 ஆண்டுகள் இருவருமாக அந்த வீட்டில் இருந்தார்கள். 1946இல் எல்லாவற்றையும் டிரஸ்டுக்குக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு மார்ச் 25 அன்று, ஒரே நாளில், சில மணி நேர இடைவெளியில் இருவரும் இறந்தார்கள்.

அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தப் பெரியவரும் பேசாமல் நின்றார்.

காரில் வரும்போது கேட்டாள். “நாற்காலி எல்லாத்து மேலயும் ஏதோ முள்ளுக்காய் வச்சிருந்தானே, எதுக்கு?” டீஸெல் என்ற செடியின் காய்ந்த தலை அது, யாரும் உட்காராமல் இருக்க, “உட்காராதே” என்று எழுதி வைப்பதற்குப் பதிலாக வைப்பது. “ஜன்னலை ஏன் பாதி மூடியிருக்கு?” வெளிச்சத்தில் துணி நிறம் போய்விடும், 50 லக்ஸுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்கிறார்கள் என்றேன். தினமும் யாராவது வந்து திறந்து மூடுவார்களா என்று கேட்டாள். தினமும்தான் என்றேன். கைப்பையில் சாவி குலுங்கியது. அவள் உள்ளே கைவிட்டுத் தொட்டுப் பார்த்தாள் போலிருக்கிறது.

டிசம்பர் 18

இன்று தனியாக விம்போல் மாளிகைக்குப் போனேன். ருட்யார்ட் கிப்ளிங்கின் மகள் எல்சி கணவரோடு 1938இல் வாங்கிய வீடு. பிள்ளையில்லை. 1976இல் இறந்தபோது டிரஸ்டுக்கு விட்டுப்போனாள். வயலெல்லாம் பனி, மரங்கள் மொட்டை. பார்க்க வெள்ளாடுகளும் மாடுகளும்தான் இருந்தன. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

சாயங்காலம் அம்மாவின் போன். மார்கழி பிறந்ததும் ஊர் வீட்டுக்குப் போய்விட்டாளாம், தை முடியும்வரை அங்கேதானாம். ஒட்டடை அடித்து, வாசலில் கோலம் போட்டு, மதியம் முற்றத்துக் கதவைச் சாத்திவைக்கிறாளாம். “ஏண்டி, அவங்க தூசி தட்டுறது எதால?” குதிரை மயிரில் செய்த மெல்லிய தூரிகை, முரட்டு இடத்துக்குப் பன்றி மயிர் என்றேன். சற்று யோசித்துவிட்டு, “நான் பழைய வேட்டியாலதான் துடைக்கிறேன்,” என்றாள்.

தூண் கேட்டவன் காலையில் வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தானாம்.

“காபி குடுத்து அனுப்பிட்டேன்.”